எதற்காக? – வாழ்வின் பொருளும் உள்ளத்தின் மகிழ்ச்சியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃத்.

 

இன்றைய சிந்தனையை ஒரு சம்பவத்துடன் ஆரம்பிக்க விரும்புகின்றேன். இச்சம்பவத்தில் தவறிழைத்தவன் நான்தான் என்பதையும் முதலிலேயே கூறிவிடுகின்றேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியுடன், அவர்களது ஊரையும் பெயரையும் தவிர்த்து இதனைச் சொல்கின்றேன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து, ஜமாஅத்தார் கலைந்து சென்ற பின்னர், ஓர் இளைஞர் பள்ளிவாசலின் தூண் ஓரமாக அமர்ந்திருந்தார். உயர்தரப் பரீட்சையில் இரண்டாவது தடவை தோற்றி, வெட்டுப்புள்ளியைத் தாண்டி, மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகி, அங்கு இரண்டாம் வருடம் கற்றுக்கொண்டிருந்தவர். அவர் தெரிவான வேளையில் ஊரே மகிழ்ந்தது. பள்ளிவாசலில் துஆச் செய்தோம். அவரது வாப்பா வீடு வீடாக இனிப்புக் கொடுத்து அனுப்பினார்.

அவர் என்னிடம் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: "மௌலவி, எல்லோரும் போகச் சொன்ன இடத்துக்கு நான் வந்துவிட்டேன். இனி எதற்காகப் போக வேண்டும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. காலையில் எழும்பவே மனம் வருவதில்லை."

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "தம்பி, இந்த இடம் கிடைக்காதா என்று எத்தனை பிள்ளைகள் ஏங்குகின்றார்கள்! உங்களுக்கு ஷுக்ர் குறைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் படியுங்கள்" என்று சொல்லி, தோளில் தட்டி அனுப்பி வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நானும் ஒரு நல்ல உபதேசம் செய்துவிட்ட திருப்தியில் வீடு சென்றேன்.

ஆறு மாதங்கள் கழித்து அவரது வாப்பா என்னைத் தேடி வந்தார். மகன் படிப்பை இடைநிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே கிடக்கின்றார். சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை, எவருடனும் பேசுவதில்லை என்றார். பின்னர் அந்த மனிதர், அறுபதை நெருங்கிய ஒரு வியாபாரி, என் முன்னால் அழுதார். "மௌலவி, நான் அவருக்கு என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டார்.

அன்பின் நேயர்களே! அந்தத் தந்தையின் கேள்வி எமது சமூகத்தின் பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வியாகும். உண்மையில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. பிரத்தியேக வகுப்புகளுக்குப் பணம் கொடுத்தார். தான் பழைய சேர்ட்டை உடுத்திக்கொண்டு மகனுக்குப் புதியதை வாங்கிக் கொடுத்தார். எதைப் படிக்க வேண்டும், எங்கு படிக்க வேண்டும், எவ்வளவு புள்ளி எடுக்க வேண்டும் என்று அனைத்தையும் சொல்லிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் வீட்டில் எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களுடைய மௌலவியாகிய நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் "எதற்காக?" என்ற கேள்விக்கான பதில்.

இக்கேள்வி நன்றிகெட்டவர்களின் கேள்வி என்று நான் அன்று நினைத்தேன். அது தவறாகும். அல்லாஹுத்தஆலா தன் வேதத்தில் மனிதனை நோக்கி எழுப்பும் கேள்வியே அதுதான். ஸூரத்துல் முஃமினூனின் 115ஆம் வசனத்தில், நாம் உங்களை வீணாகப் படைத்தோம் என்றும், நீங்கள் எம்மிடம் மீட்டப்பட மாட்டீர்கள் என்றும் எண்ணிக்கொண்டீர்களா என மனிதர்களிடம் வினவுகின்றான். ஸூரத்துத் தாரியாத்தின் 56ஆம் வசனத்தில், ஜின்களையும் மனிதர்களையும் தன்னை வணங்குவதற்காகவே அன்றி வேறெதற்காகவும் படைக்கவில்லை என்று அதற்கான விடையையும் தெளிவுபடுத்துகின்றான். எனவே, "எதற்காக?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அது ஈமானின் வாசலில் நின்று கேட்கப்படும் கேள்வியாகும். அவ்வாசலைத் திறந்துவிடுவது எமது கடமை. நான் அன்று அதை மூடிவிட்டேன்.

அருமை இளைஞர்களே! இக்கேள்வியால் தடுமாறியவர்கள் சாதாரணமானவர்கள் மாத்திரம் அல்லர். எமது அரபுக் கல்லூரிகளில் எவருடைய பெயரைக் கேட்டால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்களோ, அந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள்.

கி.பி. 1058ஆம் ஆண்டு தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், சிறு வயதிலேயே தந்தையை இழந்து வளர்ந்தவர்கள். தமது அறிவாற்றலால் உயர்ந்து, 1091ஆம் ஆண்டு, ஸல்ஜூக்கிய அரசின் அமைச்சர் நிழாமுல் முல்க் அவர்களால் பக்தாதின் நிழாமிய்யாக் கல்லூரிக்குத் தலைமைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்று அளவில்தான் இருக்கும். அக்காலத்து இஸ்லாமிய உலகில் ஓர் அறிஞர் அடையக்கூடிய பதவிகளில் அதனை விடப் பெரியது அரிதாகும். முந்நூறு மாணவர்கள் அவர்களது பாடத்தைக் கேட்க அமர்ந்தார்கள். செல்வமும் செல்வாக்கும் புகழும் ஒருசேர வந்தடைந்தன.

நான்கு ஆண்டுகள் கடந்தன. தமது வரலாற்றைக் கூறும் அல்முன்கித் மினழ் ழலால் என்ற நூலில், பின்னர் நடந்ததை இமாமவர்களே மறைக்காது பதிவு செய்துள்ளார்கள். தாம் செய்யும் காரியங்களை அவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் சிறந்தது கற்பித்தலாகும். அந்தக் கற்பித்தலின் பின்னால் இருக்கும் நிய்யத் என்னவென்று தேடியபோது, அது அல்லாஹ்வின் திருமுகத்திற்காக அன்றி, பதவிக்காகவும் புகழுக்காகவும் இருப்பதைக் கண்டு நடுங்கிப் போனார்கள். விட்டுவிடவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. காலையில் ஒரு தீர்மானம் எடுப்பார்கள். மாலையில் மனம் மாறிவிடும். இவ்வாறு ஹிஜ்ரி 488, அதாவது கி.பி. 1095ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன.

இறுதியில் அவர்களது நாவு கட்டுண்டுபோனது. மாணவர்களுக்கு முன்னால் அமர்வார்கள். ஒரு வார்த்தை கூட வெளிவராது. உணவு செல்லவில்லை. உடல் மெலிந்தது. வைத்தியர்கள் சோதித்துவிட்டு, இது உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கிய நோய் என்று கூறிக் கைவிரித்துவிட்டார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! எம் பிள்ளைகளுக்காக நாம் கனவு காணும் அனைத்தும் அவர்களிடம் இருந்தன. பட்டம் இருந்தது, பதவி இருந்தது, வருமானம் இருந்தது, மரியாதை இருந்தது. ஆனால் தொண்டையில் ஒரு மிடறு தண்ணீர் இறங்கவில்லை. ஏனெனில் "எதற்காக?" என்ற கேள்விக்கு உள்ளத்தில் விடை இருக்கவில்லை.

பின்னர் இமாமவர்கள், வழியற்றுப்போன ஒருவர் எவ்வாறு அல்லாஹ்விடம் ஒதுங்குவாரோ அவ்வாறு ஒதுங்கினார்கள். தமக்கும் பிள்ளைகளுக்கும் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு பக்தாதை விட்டும் புறப்பட்டார்கள். டமஸ்கஸ் நகரில் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் தனிமையில் இருந்தார்கள். பைத்துல் மக்திஸுக்குச் சென்றார்கள். ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள். மார்க்க அறிவுக்குப் புத்துயிரூட்டிய இஹ்யா உலூமித்தீன் என்ற அந்த மாபெரும் நூல் இக்காலப் பகுதியிலேயே உருவானது.

ஆனால் இவ்வரலாற்றின் முக்கியமான பகுதி இனித்தான் வருகின்றது. பலர் இதனைக் கவனிப்பதில்லை. இமாமவர்கள் கற்பித்தலை நிரந்தரமாகக் கைவிட்டுவிடவில்லை. 1106ஆம் ஆண்டு நைஸாபூர் நகரின் கல்லூரியில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார்கள். அதே தொழில், அதே கிதாபுகள், அதே மாணவர் கூட்டம். அப்படியாயின் மாறியது என்ன? அதையும் அவர்களே விளக்குகின்றார்கள். முன்னர் தாம் பரப்பியது பதவியைத் தேடித் தரும் அறிவு, இப்போது பரப்புவது பதவியைத் துறக்கச் செய்யும் அறிவு என்ற கருத்தில் எழுதுகின்றார்கள். வெளியே எதுவும் மாறவில்லை; "எதற்காக?" என்பதற்கான விடை மாறியிருந்தது. அதனால் மனிதரே மாறிவிட்டார். 1111ஆம் ஆண்டு தமது சொந்த ஊரான தூஸில் அமைதியாக வபாத்தானார்கள்.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் என்ன? வாழ்வு வெறுமையாகத் தோன்றும்போது எம்மில் பலர் தொழிலை மாற்றினால் சரியாகிவிடும், நாட்டை மாற்றினால் சரியாகிவிடும், புதிய வீடு, புதிய வாகனம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கின்றோம். கட்டாருக்கும் துபாய்க்கும் சென்று பத்து வருடங்கள் உழைத்து, வீட்டைக் கட்டி, நிலத்துக்கு மாபிள் பதித்து முடித்த பின்னர், அந்த நிலத்தில் அமர்ந்து, "இனி என்ன?" என்று கேட்பவர்களை நான் சந்தித்திருக்கின்றேன். மாற்ற வேண்டியது பெரும்பாலும் இடத்தை அன்று, நிய்யத்தை. செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்று நபி (ஸல்) அவர்கள் அருளியதை உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். ஸஹீஹுல் புகாரியின் முதலாவது ஹதீஸ் அதுவேயாகும். நாம் அதை வுழூவுக்கும் தொழுகைக்கும் மட்டும் உரியதாக நினைத்துவிட்டோம். அது பாடப் புத்தகத்திற்கும் உரியது; கடை முதலாளியின் தராசுக்கும் உரியது; அடுப்பங்கரையில் வியர்வை சிந்தும் உம்மாவின் அகப்பைக்கும் உரியது.

இனி மகிழ்ச்சியைப் பற்றிப் பார்ப்போம். நாம் எம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியை எங்கே காட்டுகின்றோம்? "சாதாரண தரம் முடியட்டும் மகன், பிறகு சந்தோசமாக இருக்கலாம்" என்கின்றோம். அது முடிந்ததும் உயர்தரம். அது முடிந்ததும் பல்கலைக்கழகம். பின்னர் தொழில், பின்னர் திருமணம், பின்னர் வீடு, பின்னர் பிள்ளைகளின் சாதாரண தரம்! மகிழ்ச்சி எப்போதும் அடுத்த சந்தியில் நிற்கின்றது. நாம் போய்ச் சேரும்போது அது அதற்கும் அடுத்த சந்திக்குப் போய்விடுகின்றது. ஸூரத்துத் தகாஸுரில் அல்லாஹ் எச்சரிப்பதும் இதனையே. அதிகம் அதிகம் என்ற போட்டி, மண்ணறைகளைச் சந்திக்கும் வரை மனிதர்களைப் பராக்காக்கிவிட்டது என்கின்றான். ஆதமின் மகனுக்குச் செல்வத்தால் இரண்டு ஓடைகள் இருந்தாலும் மூன்றாவதைத் தேடுவான், மண்ணைத் தவிர வேறெதுவும் அவனை நிரப்பாது என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

ஸூரத்துல் ஹதீதின் 20ஆம் வசனத்தில் அல்லாஹ் இவ்வுலக வாழ்வுக்கு ஓர் உவமை கூறுகின்றான். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் மூதூரிலும் வயற்காணி வைத்திருக்கும் எம் விவசாயச் சகோதரர்களுக்கு அதனை விளக்கத் தேவையே இல்லை. மழை பெய்கின்றது, பயிர் செழிக்கின்றது, அது விவசாயிகளை வியப்பில் ஆழ்த்துகின்றது. பின்னர் காய்ந்து மஞ்சளாகின்றது, பின்னர் கூளமாகின்றது. இவ்வசனத்தில் விவசாயிகளைக் குறிக்க வந்துள்ள அரபுச் சொல் "குப்பார்" என்பதாகும். மூடுபவர்கள் என்பது அதன் மூலப் பொருள். விதையை மண்ணால் மூடுவதனால் விவசாயிக்கு அப்பெயர் வந்தது என முபஸ்ஸிரீன்கள் பலர் விளக்குகின்றனர்.

பெரும்போகத்தில் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும்போது வரம்பில் நின்று பார்ப்பதில் தவறில்லை. அது அல்லாஹ் தந்த இன்பம். ஆனால் அந்தப் பச்சையை நிரந்தரம் என்று நம்பும் விவசாயி எவருமில்லை. அவருடைய கண் பச்சையில் இருந்தாலும் கருத்து நெல்மணியில்தான் இருக்கும். பயிர் மஞ்சளாகும்போது அவர் அழுவதில்லை, அரிவாளைத் தீட்டுகின்றார். வாழ்விலும் அவ்வாறே. இளமை, அழகு, பதவி யாவும் மஞ்சளாகத்தான் போகின்றன. கதிரில் மணி பிடித்திருக்கின்றதா, பதராகப் போய்விட்டதா என்பதே கேள்வி.

அப்படியாயின் இவ்வுலகில் மகிழ்ச்சியே கிடையாதா? மறுமை வரை காத்திருக்க வேண்டுமா? இல்லை. ஸூரத்துந் நஹ்லின் 97ஆம் வசனத்தில், ஈமான் கொண்ட நிலையில் நற்செயல் புரிபவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவருக்கு ஹயாத்துன் தய்யிபா என்னும் நல்வாழ்வை வழங்குவதாக அல்லாஹ் வாக்களிக்கின்றான். அது இவ்வுலகிலும் கிடைக்கும் நல்வாழ்வு என்பதே முபஸ்ஸிரீன்கள் பலரின் கருத்தாகும். அதன் அளவுகோலையும் நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்தார்கள். உங்களில் ஒருவர் தன் இருப்பிடத்தில் அச்சமற்றவராக, உடல் நலமுள்ளவராக, அன்றைய நாளின் உணவு தன்னிடம் உள்ள நிலையில் காலைப் பொழுதை அடைந்தால், உலகம் முழுவதும் அவருக்காக ஒன்றுதிரட்டப்பட்டதைப் போன்றதாகும் என்ற கருத்திலான ஹதீஸை இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள்.

நேயர்களே! இந்த மூன்றின் பெறுமதியை எம் நாட்டு மக்களுக்கு வேறெவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்ட வட புலத்து முஸ்லிம்களிடம் கேளுங்கள், அச்சமற்ற இருப்பிடம் என்றால் என்னவென்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலையில் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கிண்ணியாவிலும் ஹம்பாந்தோட்டையிலும் கடல் எழுந்து வந்ததைக் கண்டவர்களிடம் கேளுங்கள், ஒரு காலைப் பொழுதை முழுமையாக அடைவது என்றால் என்னவென்று. 2022ஆம் ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெயிலில் வரிசையில் நின்றோமே, அன்றைய நாளின் உணவு என்றால் என்னவென்று எம்மிடமே நாம் கேட்டுக்கொள்வோம். வரிசையில் நின்ற அந்நாட்களில், சிலிண்டர் கிடைத்தவுடன் எத்தனை ஆனந்தமாக வீடு வந்தோம்! இன்று அதே சிலிண்டர் அடுப்பங்கரையில் இருக்கின்றது, ஆனந்தத்தைக் காணவில்லை. அருள் குறையவில்லை, அதைக் காணும் கண் குறைந்துவிட்டது.

இன்று இக்கண்ணைக் கெடுப்பதில் கையடக்கத் தொலைபேசிக்குப் பெரும் பங்குண்டு. மற்றவர்கள் தம் வாழ்வின் மிகச் சிறந்த நிமிடத்தைப் படமெடுத்துக் காட்டுகின்றார்கள். நாம் அதனை எம் வாழ்வின் சாதாரண நிமிடத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்ந்து போகின்றோம். உலக விடயத்தில் உங்களுக்குக் கீழே உள்ளவர்களைப் பாருங்கள், மேலே உள்ளவர்களைப் பார்க்காதீர்கள், அல்லாஹ்வின் அருட்கொடையை அற்பமாகக் கருதாமலிருக்க அதுவே ஏற்றது என்று நபி (ஸல்) அவர்கள் அருளியது, எம் கையிலுள்ள திரைக்கே சொன்னது போன்று இருக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு முக்கியமான விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கவலைப்படுவது ஈமானின் குறைபாடு என்று எண்ணிவிடாதீர்கள். நான் அந்த இளைஞர் விடயத்தில் செய்த தவறு அதுதான். யஃகூப் (அலை) அவர்கள் ஒரு நபி. மகனைப் பிரிந்த துயரால் அவர்களது கண்கள் வெளுத்துப் போனதாக ஸூரா யூஸுப் கூறுகின்றது. எம் பெருமானார் (ஸல்) அவர்கள் பாத்திமா (ரழி) அவர்களைத் தவிர ஏனைய பிள்ளைகள் அனைவரையும் தம் வாழ்நாளிலேயே இழந்தார்கள். சிறு குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அவர்களது கண்கள் கண்ணீர் வடித்தன. கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் பாதுகாப்புத் தேடி அவர்கள் அதிகமாகத் துஆச் செய்து வந்ததை அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். துக்கம் மனிதனைத் தீண்டும் என்பதனால்தானே அந்தத் துஆ!

அவ்வாறே, உள்ளம் நோயுறுவதும் உடல் நோயுறுவதைப் போன்றதே. அல்லாஹ்வின் அடியார்களே, மருந்து செய்யுங்கள், நிவாரணம் இல்லாத நோயை அல்லாஹ் படைக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அருளியதில், உடல் நோய்க்கு மட்டும் என்ற நிபந்தனை இல்லை. எனவே பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வாரக்கணக்கில் உறங்காமல், உண்ணாமல், எவருடனும் பேசாமல், விரும்பியவற்றையெல்லாம் வெறுத்து ஒதுங்கியிருந்தால், சோம்பேறி என்று ஏசாதீர்கள். கண்ணூறு, சூனியம் என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் அலைய வேண்டாம். ஓதிப் பாருங்கள், துஆச் செய்யுங்கள், அத்துடன் வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். இளைஞர்களே! வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் உங்களில் எவருக்கேனும் தோன்றினால், அந்த இரவில் தனியே இருக்காதீர்கள். உம்மாவை எழுப்புங்கள், நண்பனை அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். அது வெட்கம் அன்று. உயிர் அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைக் காக்க உதவி கேட்பது இபாதத்தாகும்.

அந்த இளைஞரின் கதைக்கு மீண்டும் வருவோம். இம்முறை நான் உபதேசம் செய்யச் செல்லவில்லை. அவரது வீட்டுக்குச் சென்று, மூடிய கதவுக்கு வெளியே அமர்ந்து, "தம்பி, அன்று நான் உங்கள் கேள்வியைக் கேட்கவில்லை. என்னை மன்னியுங்கள். இன்று கேட்க வந்திருக்கின்றேன்" என்று சொன்னேன். அன்று கதவு திறக்கவில்லை. மூன்றாவது நாள்தான் திறந்தது. அவரது வாப்பாவும் நானும் சேர்ந்து அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். மருந்து எடுத்தார். வீட்டில் மூத்தம்மாவின் கட்டிலுக்கு அருகே அமர்ந்து, பார்வை குறைந்த அவருக்கு யாஸீன் ஓதிக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டார். ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து மருத்துவ பீடத்துக்குத் திரும்பினார்.

பின்னர் ஒரு நாள் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வாட்டில் கற்கச் சென்றபோது, சிங்களம் மட்டும் பேசும் ஒரு முதிய விவசாயி, பார்க்க வருவோர் எவருமின்றிப் பல நாட்களாகப் படுத்திருந்தாராம். கை நடுக்கத்தால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. இவர் அருகில் அமர்ந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் பேசி, அந்தத் தேநீரைப் பருக்கிவிட்டாராம். "மௌலவி, நான் அவருக்கு வைத்தியம் எதுவும் செய்யவில்லை. எனக்கு அது இன்னும் தெரியாது. ஆனால் எதற்காகப் படிக்கின்றேன் என்று அப்போது விளங்கியது" என்றார்.

அவருக்கு நான் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் குத்ஸியை நினைவூட்டினேன். மறுமையில் அல்லாஹ் தன் அடியானிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்க வரவில்லையே என்பான். அடியான் திகைத்து, அகிலத்தாரின் இரட்சகனே, உன்னை நான் எவ்வாறு நலம் விசாரிப்பேன் என்று கேட்பான். எனது இன்ன அடியான் நோயுற்றிருந்தான், நீ அவனிடம் சென்றிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்று அல்லாஹ் கூறுவான். சுப்ஹானல்லாஹ்! வாழ்வின் பொருளைத் தேடி மனிதன் எங்கெங்கோ அலைகின்றான். ஒரு நோயாளியின் கட்டிலருகே, பசித்தவனின் வாசலில் அது இருக்கின்றது என்று அல்லாஹ் முகவரி தந்திருக்கின்றான்.

அந்த இளைஞருக்கு இன்றும் சில நாட்கள் பாரமாகவே விடிகின்றன. அதை அவர் மறைப்பதில்லை. ஆனால் எழுந்து செல்ல ஒரு காரணம் இருக்கின்றது. அவரும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் போன்று, விட்டுச் சென்ற அதே இடத்துக்கே திரும்பி வந்தார். வேறொரு விடையுடன் வந்தார்.

பெற்றோர்களே! லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தை அல்குர்ஆன் பாதுகாத்துத் தந்துள்ளது. அவர்கள் "யா புனய்ய", என்னருமைச் சின்ன மகனே என்று கனிவுடன் அழைக்கின்றார்கள். அல்லாஹ்வுக்கு இணை வைக்காதே என்று ஆரம்பித்து, தொழுகை, நன்மையை ஏவுதல், தீமையைத் தடுத்தல், பொறுமை, பணிவான நடை, தாழ்ந்த குரல் வரை கூறுகின்றார்கள். என்ன தொழில் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. தொழில் தேவையற்றது என்பதனால் அன்று. தன் கையால் உழைத்து உண்பதை விடச் சிறந்த உணவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கின்றார்கள். யாருக்காக வாழ்கின்றோம் என்பது தெரிந்த பிள்ளை, எத்தொழிலைச் செய்தாலும் அதில் பொருளைக் காணும் என்பதனாலாகும்.

எனவே இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன்னர், இன்று யாருக்கு உதவினாய் என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டுப் பேசும் அந்த ஒரு வசனத்தை விழுங்கிவிடுங்கள். நீங்கள் எதற்காகக் கடை திறக்கின்றீர்கள், எதற்காக வயலுக்குப் போகின்றீர்கள் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சொல்ல விடை இல்லையென்றால் முதலில் நாமே அதைத் தேடுவோம்.

இளைஞர்களே! நீங்கள் நாளைக் காலை ஸுபஹுக்கு எழுந்து, அன்றைய நாளில் செய்யப் போகும் ஒரு காரியத்தை, அது பாடமாயினும் கூலி வேலையாயினும், யா அல்லாஹ், இது உனக்காக என்று நிய்யத் வையுங்கள். உங்களால் ஒருவருக்காவது அன்று பாரம் குறையட்டும். உள்ளங்கள் அல்லாஹ்வின் திக்ரால் அமைதியடைகின்றன என்று ஸூரத்துர் ரஃதில் அவன் வாக்களித்திருப்பதைச் சோதித்துப் பார்க்கும் வழி இதுவே. இறுதி நாள் வந்துவிட்ட வேளையிலும், கையில் ஒரு கன்று இருந்து, அதை நட முடியுமாயின் நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் எம் தலைவர் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அதன் நிழலில் எவரும் அமரப் போவதில்லை. அதன் கனியை எவரும் உண்ணப் போவதில்லை. ஆயினும் நடுங்கள் என்றார்கள். பலனால் அன்று, யாருக்காகச் செய்கின்றோம் என்பதனால் ஒரு செயல் பொருள் பெறுகின்றது.

யா அல்லாஹ்! எங்கள் வாழ்வை வீணாக்கிவிடாதே. எங்கள் எண்ணங்களை உனக்கென்று தூய்மையாக்குவாயாக. எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களில் அமைதியை இறக்குவாயாக. மூடிய கதவுகளுக்குள் அழுதுகொண்டிருப்போருக்கு உன் அருளின் கதவைத் திறப்பாயாக. அவர்களது கேள்விகளைப் பொறுமையுடன் கேட்கும் செவிகளைப் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உலமாக்களாகிய எங்களுக்கும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.